நின்றபடி படிக்கிற எழுத்து

“எழுத்து அழகா இருக்கு பிப். இல்லேன்னு நான் சொல்லவே இல்ல. அதான் எனக்குப் பயமா இருக்கு,” என்றார் கொரின்.

“அழகா இருந்தா என்ன பயம்?”

“என் கடை விலைப் பலகையை என் மருமக இப்படித்தான் அழகா மாத்திக் குடுத்தா. அன்னைலேருந்து வர்றவன் எல்லாம் கவுன்டர்ல நின்னு மீன் இருக்கான்னு கேக்கறான். மீன் கடைக்குள்ள நின்னுக்கிட்டு.”

ஜன்னலோரம் நின்ற டெஸ் திரும்பாமலே சிரித்தார். “நான்கூடப் போன வாரம் கேட்டேனே.”

“நீ வேணும்னே கேட்ட.”

இது எங்கள் மரூங்கா ஹெட்ஸ் கடல் ரேடியோ நிலையத்தில் நடந்தது. ஈஸ்டருக்கு இரண்டு வாரத்துக்கு முன்பு, ஒரு புதன்கிழமை. நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முகத்துவாரத்தைப் பார்த்த மேட்டில் ஒரே ஓர் அறை. மூன்று பக்கம் கண்ணாடி, நாலாவது பக்கம் சுவர். ஒரு ரேடியோ, ஒரு கணினி, ஒரு கெட்டில். படகில் கடலுக்குப் போகிறவர்கள் முகத்துவாரம் தாண்டும் முன் எங்களைக் கூப்பிட்டு, படகின் பெயர் என்ன, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால் தேட ஆள் அனுப்புவோம். அவ்வளவுதான் வேலை. யாருக்கும் சம்பளம் கிடையாது. கொரின் ஹடாட் மீன் கடை நடத்துகிறவர். யார் எந்த நேரம் ரேடியோவில் என்று முறை போடுவதும் அவரே. டெஸ் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறார். நான் பிப். வயது இருபத்திரண்டு. கணினிப் படிப்பைப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். அம்மா கேட்டால் அதற்குப் பெயர் இடைவேளை.

படகுக்காரர்கள் சொல்கிற அந்த விவரங்களைப் பதிந்து வைக்கிற மென்பொருளின் பெயர் பெலிகன். நானும் ஹோபார்ட்டில் இருக்கிற ஆன்டனும் சேர்ந்து எழுதியது. இலவசம். கடற்கரை நெடுகப் பத்தொன்பது நிலையங்களில் ஓடுகிறது. அதன் நான்காம் பதிப்பில் என்ன எழுத்துருவை வைத்துக் கொடுப்பது என்று எனக்கும் ஆன்டனுக்கும் மூன்று மாதச் சண்டை.

இதற்கா சண்டை என்று கேட்பீர்கள். பிடிக்காவிட்டால் அவரவர் மாற்றிக்கொள்ளட்டுமே என்று எல்லாரும் சொல்கிறார்கள். மாற்றிக்கொள்ள மாட்டார்கள். பத்தொன்பது நிலையத்திலும் விசாரித்துவிட்டோம். எழுத்துருவை மாற்றுகிற பக்கத்தை இதுவரை திறந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் வேறு எதையோ தேடிப் போய்த் தவறுதலாகத் திறந்தவர், பயந்து மூடிவிட்டார். ஆக, நாங்கள் முதலில் எதை வைத்துக் கொடுக்கிறோமோ அதைத்தான் அத்தனை பேரும் வருடக் கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பதினோரு வருடமாகச் சுவரில் தொங்கிய வெள்ளை போர்டை, ஜனவரியில் நான்தான் நச்சரித்து இறக்க வைத்தேன். அதில்தான் முன்பெல்லாம் படகுகளை மார்க்கர் பேனாவால் எழுதுவார்கள். இப்போது அது கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. ஈஸ்டர் நாலு நாளும் தினம் இருநூறு படகு போகும். அதை பெலிகனில் பார்ப்பதா, பழையபடி போர்டிலா என்று அந்த ஞாயிறு நிலையக் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்வதாக இருந்தது. பெலிகன் பிறந்த அறையிலேயே அதைத் தூக்கிப் போட்டுவிட்டால் மற்ற பதினெட்டு நிலையமும் ஏன் வைத்திருக்கப் போகிறது? தவிர, என் வாழ்க்கையில் நான் பாதியில் விடாத ஒரே விஷயம் அதுதான்.

நானும் ஆன்டனும் பன்னிரண்டு எழுத்துருக்களை எடுத்து வைத்திருந்தோம். என் கட்சி மெலிந்த, நீளமான, வளைவு வளைவான ஒன்று. நாங்கள் வைத்த பட்டப்பெயர் நாணல். ஆன்டனின் கட்சி, ஒவ்வோர் எழுத்தும் சூளையிலிருந்து வந்த மாதிரி அகலமாக உட்கார்ந்திருக்கிற ஒன்று. அது செங்கல்.

“உன் நாணலுக்கு எலும்பே இல்லடி,” என்பான் ஆன்டன், வீடியோவில் டோஸ்ட் கடித்துக்கொண்டே.

“உன் செங்கல்லுக்கு எலும்பு மட்டும்தான்டா இருக்கு.”

ஒரே ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒற்றுமை. பட்டியலில் ஏழாவதாக இருந்ததை முதல் நாளே அடித்துவிட்டோம். அதன் சின்ன ‘g’ மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு முறைப்பதுபோல் இருக்கும். மொத்தத்தில் பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் எழுதுகிற எழுத்து மாதிரி. பஸ் போர்டு என்று பெயர் வைத்து, சிரித்து, தூக்கி எறிந்தோம்.

அந்தப் புதன்கிழமை வைத்தது முறையான பரிசோதனை. நான் விளையாட்டுக்குச் செய்யவில்லை. கணினிக்கு எதிரே ஒரு நாற்காலி உண்டு. அதில் எப்போதும் லைஃப் ஜாக்கெட்டுகள் குவிந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் வைத்தேன். நாற்காலியின் உயரத்தைச் சரி செய்தேன். பதினோரு பேரை ஒவ்வொருவராக உட்கார வைத்து, ஒவ்வோர் எழுத்துருவிலும் நாலு வரியைப் படிக்கச் சொல்லி, ஸ்டாப்வாட்சில் நேரம் பார்த்தேன். கொரின் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அழகு, பயம் என்றெல்லாம் பேசினார். அப்படிப் பேசினாலும், ஒரு பிழை இல்லாமல் படித்தார். பிறகு அவர் போய் ஜன்னலில் நிற்க, டெஸ் வந்து உட்கார்ந்து படித்தார். பதினோரு பேரில் ஒன்பது பேருக்கு நாணல்தான் வேகம். செங்கல் இரண்டாம் இடம்கூட இல்லை.

“பாத்தியா?” என்றேன் ஆன்டனிடம்.

“பாத்தேன். நம்பல. சனிக்கிழமை மீன்பிடிப் போட்டி இருக்குல்ல, அன்னிக்கு முழுசா வெச்சு ஓட்டிப் பாரு.”

“ஓட்டறேன். தோத்தா என்ன பண்ணுவ?”

“ஒரு வாரம் உன்னை எதிர்த்துப் பேச மாட்டேன்.”

“ரெண்டு நாள் போதும். அதுக்கு மேல உனக்கு உடம்பு தாங்காது.”

நாணலை ஏற்றினேன். ஜாக்கெட்டுகளைப் பழையபடி நாற்காலியில் அடுக்கினேன். விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை வெயில் அப்படிக் காய்ந்தது. விடியும்போதே நாற்பத்தாறு படகுகள் வெளியே போயிருந்தன. ரேடியோவில் டெஸ். நான் ஊருக்குள், ஹார்டுவேர் கடை வாசலில், மீட்புப் படகுக்காரர்களோடு சேர்ந்து நிதிக்காக சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தேன். பதினொன்று நாற்பதுக்கு அவர்கள் நாலு பேரின் இடுப்பிலும் ஒரே நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. ஒருத்தர் இடுக்கியை என் கையில் திணித்து, “திருப்பிப் போட்டுக்கிட்டே இரு,” என்று சொல்லிவிட்டு ஓடினார். அடுப்பில் அறுபது சாசேஜ். வாசலில் பெயின்ட் டப்பாவோடு வரிசையில் நின்ற ஆள் ஒருவரிடம் இடுக்கியைக் கொடுத்து, அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு நானும் மேட்டுக்கு ஓடினேன்.

டெஸ் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பைனாகுலர், இன்னொரு கையில் மைக், அதன் சுருள் வயர் அறைக்குக் குறுக்கே இழுபட்டு நின்றது. “இன்னொரு சாக்கு, இன்னொரு சாக்கு, மரூங்கா ரேடியோ கூப்பிடுறேன்.” இன்னொரு சாக்கு என்பது க்ளைவின் படகுக்குப் பெயர், சாக்குப்போக்கு என்கிற சாக்கு. க்ளைவ் மரக்கடைக்காரர். எப்போதும் தனியாகத்தான் போவார், கூட நாய் மட்டும்.

“என்ன ஆச்சு?”

“பதினொண்ணு பத்துக்கு வரேன்னிருக்கார். அரை மணிக்கு மேல ஆச்சு. ரேடியோவும் எடுக்கல, போனும் எடுக்கல. அந்தாளு நேரம் தவற மாட்டார் பிப். உன் பெலிகன் மணிகூட அடிக்கல. புதுசு புதுசுன்னு அதையும் கெடுத்து வெச்சிருக்க.”

நேரம் தாண்டினால் பெலிகன் கத்த வேண்டும். அந்தப் பகுதியை நான் தொடவே இல்லை. கணினிக்கு ஓடிப்போய், ஜாக்கெட் குவியலுக்கு மேல் குனிந்து, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குப் போய்ப் பார்த்தேன்.

17:10.

“டெஸ், இது பதினேழு பத்து. சாயங்காலம் அஞ்சு பத்து.”

“பதினொண்ணு.”

“பதினேழு.”

“இங்கேருந்து பாரு, பதினொண்ணு.”

அப்போதுதான் மீட்புப் படகிலிருந்து குரல் வந்தது. ஆள் கிடைத்துவிட்டார். பாறைத் திட்டுக்குப் பின்னால் நங்கூரம் போட்டு, தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாராம். ரேடியோவைக் குறைத்து வைத்திருந்தாராம். நாய்தான் எழுந்து வரவேற்றதாம். பின்னணியில் க்ளைவின் குரலும் கேட்டது. “அஞ்சுக்கு மேலன்னு சொல்லிட்டுத்தானே வந்தேன். நாலு பேரு கிளம்பி வந்திருக்கீங்க. வீட்ல யாருக்காவது ஏதாவதா?”

டெஸ் மைக்கை மெதுவாகக் கீழே வைத்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. “உண்மையிலேயே யாராவது கவுந்திருந்தா, மீட்புப் படகு அங்க க்ளைவை எழுப்பிக்கிட்டு இருந்திருக்கும்,” என்றார். என்னைத் திட்டுகிற குரலில் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன். கடலைப் பார்த்து நின்றபடி, இடது தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தேன். கண்ணாடி வெளிச்சம் திரையில் வழுக்கிக்கொண்டிருந்தது. நாணலின் ஏழுக்கு மேலே ஒரு மயிரிழைக் கோடு உண்டு. அதை மட்டும் வெளிச்சம் தின்றுவிட்டது. பதினொன்று பத்து. அது பதினேழு என்று தெரிந்த பிறகும் எனக்குப் பதினொன்றாகத்தான் தெரிந்தது.

“டெஸ், நீங்க ஏன் உக்காந்து பாக்கல?”

“எங்க உக்காரறது?”

“நாற்காலியில.”

“அது ஜாக்கெட் நாற்காலி.”

“ஜாக்கெட்டை எடுத்துட்டு உக்காரலாம்ல.”

“உக்காந்தா முகத்துவாரம் தெரியாதேம்மா,” என்றார், இது என்ன கேள்வி என்பதுபோல.

அந்த அறைக்கு நான் மூன்று வருடமாக வருகிறேன். கதவுக்கு மேலே, கடலுக்கு முதுகு காட்டாதே என்று எழுதி ஒட்டியிருக்கிறது. தினமும் அதற்குக் கீழேதான் நுழைகிறேன். கணினி இருப்பது சுவர்ப் பக்கம். அதன் எதிரே உட்கார்ந்தால் முதுகு கடலுக்கு. அதனால் எங்கள் நிலையத்தில் யாரும் உட்காருவதே இல்லை. ஜன்னல் விளிம்பில் டீக் கோப்பைகளின் வட்டக் கறை ஒன்றின்மேல் ஒன்றாக, எல்லாம் ஒரே இடத்தில். தரை விரிப்பு அங்கே மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. நாற்காலிக்குக் கீழே புதுசு மாதிரி இருந்தது. நானோ பதினோரு பேரைக் கூப்பிட்டு, அவர்கள் வாழ்நாளில் உட்காராத இடத்தில் உட்கார வைத்து, ஸ்டாப்வாட்ச் பிடித்திருந்தேன். நாற்காலியைக் காலி செய்தவளும் நான், திரும்ப ஜாக்கெட்டை அடுக்கியவளும் நான். அப்போதுகூட உறைக்கவில்லை.

கொரின் கடை ஏப்ரனோடு வந்தார். நடந்ததைக் கேட்டார். “நாளைக்குக் கூட்டம்,” என்று மட்டும் சொன்னார். பிறகு கழிப்பறைக் கதவுக்குப் பின்னாலிருந்த வெள்ளை போர்டைத் தானே தூக்கி வந்து, ஈரத் துணியால் துடைத்து, சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

நான் ஆன்டனைக் கூப்பிட்டேன்.

“நான் அப்பவே…”

“சொல்லாத. அப்புறமா சொல்லு, முழுசா கேக்கறேன். இப்ப வேலை இருக்கு.”

ஜன்னலிலிருந்து திரைக்கு அளந்தேன்: மூன்று மீட்டர் நாற்பது. கெட்டிலுக்குப் பக்கத்தில் கோப்பை கழுவுகிற தொட்டியிலிருந்து நாலு மீட்டர். போனை ஜன்னல் விளிம்பில், டீக் கறைக்கு மேலேயே நிறுத்தினேன். டெஸ்ஸின் கண் எதைப் பார்க்குமோ அதை ஆன்டன் பார்க்கட்டும்.

முதலில் செங்கல். எண்கள் கல்லில் வெட்டினாற்போல் தெரிந்தன. ஆன்டன் வாயைத் திறப்பதற்குள் நானே கவனித்துவிட்டேன். எங்கள் ஊரில் படகுக்கு யாரும் சின்னதாகப் பெயர் வைப்பதில்லை. செங்கலின் அகலத்தில் பெயர் நீண்டு நீண்டு, திரும்பும் நேரத்தைத் திரையின் வலது ஓரத்துக்கு வெளியே தள்ளிவிட்டது.

“உன்னோடதுல க்ளைவ் சீக்கிரமும் வரல, லேட்டாவும் வரல. வர்றதே இல்ல,” என்றேன்.

“சின்னதாக்கிப் பாரு.”

சின்னதாக்கினால் ஆறு, எட்டு, சைபர் மூன்றும் ஒரே உருண்டை. அடுத்தது, அடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தோம். ஒன்றில் எண் நன்றாக இருந்தால் பெயர் குழம்பியது. இன்னொன்று வெயிலில் சரி, மேகம் வந்தால் மங்கியது. பதினொன்றையும் ஏற்றி இறக்கிவிட்டோம். மிச்சம் ஒன்றுதான். இருவரும் அதன் பேரைச் சொல்லவில்லை. நான் பட்டியலின் ஏழாவதை ஏற்றினேன்.

டெஸ் தொட்டிப் பக்கம் டீ கலக்கிக்கொண்டிருந்தார். கலக்குவதை நிறுத்தாமல், தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்து, “இன்னொரு சாக்கு, ஒரு ஆளு, பதினேழு பத்து. அதுக்குக் கீழ ‘ஈர நாய்’ படகு, மூணு பேரு, பதினாறு முப்பது,” என்றார். பிறகுதான் திரும்பி நின்று பார்த்தார். “அட, இது என் பஸ் நெத்தியில இருக்கற எழுத்துல்ல? மழையில, அந்த முக்குல திரும்பும்போதே புள்ளைங்க படிச்சிடும்.”

ஆன்டன் திரையை உற்றுப் பார்த்தான்.

“அந்த ‘g’…” என்றான்.

“தெரியும்டா.”

“மூக்குக் கண்ணாடியோட முறைக்குது.”

“பழகிக்குவோம்.”

ஞாயிற்றுக்கிழமை பதினாலு பேர் வந்தார்கள். யாரும் கேட்பதற்கு முன் நானே எழுந்து சொன்னேன். “க்ளைவை எழுப்பினது டெஸ் இல்ல, நான். உங்களை எல்லாம் உக்கார வெச்சுத் தேர்வு வெச்சேன். இங்க யாரும் உக்காரறதே இல்லங்கறதை நான் பாக்கல.”

“மூணு வருஷமா எனக்குக் கால் வலிக்குது, இப்பதான் கண்டுபிடிச்சியா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கொரின் கையைக் காட்டி அடக்கினார். “சரி, பேச்சு வேணாம். டெஸ், போர்டுல பத்து படகு எழுது. பிப், அதே பத்தைத் திரையில போடு. எல்லாரும் அவங்கவங்க வழக்கமா நிக்கற இடத்துல போய் நில்லுங்க.”

பதினாலு பேரும் தானாகவே ஜன்னலோரத்துக்கும் தொட்டிப் பக்கத்துக்கும் பிரிந்து போனதைப் பார்க்கவேண்டுமே. நாற்காலிப் பக்கம் ஒருவரும் போகவில்லை. கொரின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கோப்பை கழுவுகிறவர் மாதிரி வேண்டுமென்றே கையை நனைத்துக்கொண்டு, நாலு மீட்டரிலிருந்து திரையைப் படித்தார். பத்துக்குப் பத்து. பிறகு போர்டுக்குத் திரும்பினார். மூன்று வரி சரளமாகப் போனது. நாலாவதில் நின்றார்.

“டெஸ், நாலாவது என்ன?”

“நல்லாப் பாரு.”

“நல்லாத்தான் பாக்கறேன். கோழி கிளறின மாதிரி இருக்கு. நீயே படி.”

டெஸ் பார்த்தார். ஒரு அடி முன்னால் வந்து பார்த்தார். “அவசரத்துல எழுதினது,” என்றார் கடைசியில்.

கை தூக்கினார்கள். பெலிகனுக்குப் பதினொன்று, போர்டுக்கு மூன்று. மூன்றில் ஒன்று டெஸ். தன் கையெழுத்துக்குத் தானாவது ஓட்டுப் போட வேண்டாமா என்றார். கொரின் இரண்டு நிபந்தனை போட்டார். கரண்ட் போனால் எழுத, போர்டு ஈஸ்டர் முடிகிறவரை பக்கத்திலேயே இருக்கும். அடுத்தது, அவர் கடை விலைப் பலகையை அதே பஸ் எழுத்தில் நான் மாற்றித் தர வேண்டும், அதுவும் கவுன்டரில் நின்று படித்துப் பார்த்து இல்லை, தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று.

கதை இத்தோடு முடிந்ததென்று நானும் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை நான்காம் பதிப்பை வெளியிட வேண்டும், பத்தொன்பது நிலையத்துக்கும். நேற்று கூட்டம் முடிந்த கையோடு ஆன்டன், “மத்தவங்க எங்கேருந்து படிக்கறாங்கன்னு கேட்டோமா?” என்றான். மூன்று நிலையத்துக்குப் போன் போட்டோம். ஒரு இடத்தில் திரை கூரையில் தொங்குகிறதாம், அண்ணாந்து படிக்கிறார்கள். இன்னொன்றில் படகுக் கொட்டகை வாசலிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். மூன்றாவதில் எல்லாரும் ஒழுங்காக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். மெல்லிசா அழகா ஒரு எழுத்து வரப்போகுதுன்னு சொன்னீங்களே, அது எங்கே என்று அவர்கள் என்னையே கேட்டார்கள்.

எனக்கு ஒரு யோசனை. முதல் தடவை பெலிகனைத் திறக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: இந்தத் திரையை எங்கிருந்து படிப்பீர்கள், உட்கார்ந்தா, நின்றா? பதிலுக்குத் தகுந்த எழுத்து தானாக வந்துவிடும். ஆன்டன் ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டால் யாரும் படிக்கமாட்டார்கள், சரி என்ற பொத்தானை அமுக்கிவிட்டு டீ போடப் போய்விடுவார்கள் என்கிறான். கேள்வியே வேண்டாம், எல்லாருக்கும் பஸ் போர்டு, உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் அது ஒன்றும் கண்ணைக் குத்தாது என்பது அவன் கட்சி. அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் எரிச்சல். புதன்கிழமை நாற்காலியில் எங்கள் ஆட்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், அத்தனை பேரும் ‘உட்கார்ந்து’ என்றுதான் சொல்லியிருப்பார்கள், டெஸ் உட்பட.

செவ்வாய்க்கு இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது. நீங்கள் உங்கள் வேலை இடத்துத் திரையை உண்மையில் எங்கே நின்று படிக்கிறீர்கள் என்று ஒரு நிமிடம் எழுந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்களேன்: அந்தக் கேள்வியை நாங்கள் கேட்கலாமா, கேட்காமலே பஸ் போர்டை வைத்துவிடலாமா?